கற்பிக்கும் மருத்துவருக்குப் பதவி உயர்வு: திரும்பி வந்த விண்ணப்பக் கோப்பை என்ன செய்வது?

தாமிரபரணி (பொது மருத்துவம், அமெரிக்கா) · மார்ச் 4

அனைவருக்கும் வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்த நான், இன்று ஒரு மனக்குறையோடும் ஒரு கேள்வியோடும் வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியொன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஜே-1 விசாவில் இங்கு வந்து ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) முடித்தேன். நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, மருத்துவர் பற்றாக்குறை உள்ள சிற்றூர் ஒன்றில் மூன்றாண்டு பணியாற்றிய பிறகு, ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். இப்போது ஏழாவது ஆண்டு நடக்கிறது. உள்நோயாளிப் பிரிவில் ரெசிடென்டுகளையும் மூன்றாமாண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போவதும், அங்கேயே கற்பிப்பதும்தான் என் வேலை. இரண்டு முறை ரெசிடென்டுகள் என்னைச் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சென்ற மாதம் இணைப் பேராசிரியர் பதவிக்கான என் கோப்பைத் துறைக்குழு திருப்பி அனுப்பிவிட்டது. "கற்பித்தல் மிகச் சிறப்பு, ஆனால் இந்நிறுவனத்துக்கு வெளியே சென்றடைந்த அறிவுப்பணிக்கு (ஆய்வு, வெளியீடு போன்றவற்றுக்கு) சான்று போதவில்லை" என்பது அவர்கள் எழுதியதன் சாரம்.

வெளியே சென்றடையவில்லை என்பது உண்மைதான். உள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் எழுபது வயதைத் தாண்டிய தமிழ் மூதாட்டி ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். ரெசிடென்ட் ஆங்கிலத்தில் விளக்கியதை அவருடைய மகன் தமிழில் சொன்னார். "கட்டி இருக்காம்மா, மருந்து குடுத்தா கரைஞ்சிடுமாம்" என்றார். புற்றுநோய் என்ற சொல்லோ, அது ஈரல்வரை பரவியிருக்கிறது என்ற செய்தியோ அந்தத் தாயின் காதுக்குப் போகவே இல்லை. மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த மருத்துவர்களில், சொல்லப்பட்டதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவே இருந்த பள்ளத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அன்று தொடங்கி, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் துணையோடு நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஆறு அமர்வுகள் கொண்ட பாடம் ஒன்றை உருவாக்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது இன்டர்ன்களுக்கு (முதலாண்டு ரெசிடென்டுகளுக்கு) நடத்திவருகிறேன். அவர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுப் படிவங்கள் அத்தனையும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

இந்தப் பாடம் ஒரு சாதனையாகக் கணக்கில் வராதா? டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) பாதைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் ஒரு நண்பர்; அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பாலாறு (குழந்தைகள் சிறுநீரகவியல், அமெரிக்கா) · மார்ச் 4

நான் பணிபுரியும் மருத்துவக் கல்லூரியின் பதவி உயர்வுக் குழுவில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலரும் அதை அறியாமலேதான் கோப்பைத் தயாரிக்கிறார்கள்.

கோப்பு முதலில் துறைக்குழுவுக்குப் போகும். அங்கே உங்களை அறிந்தவர்கள் இருப்பார்கள். பிறகு துறைத்தலைவரின் கடிதத்தோடு கல்லூரிக் குழுவுக்கு வரும், அங்கிருந்து டீனுக்கும் பல்கலைக்கழகத் தலைமைக்கும் செல்லும். கல்லூரிக் குழுவில் உங்கள் கோப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் ஓர் உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளராகவும், ஓர் எலும்பு அறுவை நிபுணராகவும், ஒரு நோய்க்குறியியல் பேராசிரியராகவும் இருக்கலாம். உங்களோடு ஒரு நாள்கூட ரவுண்ட்ஸ் வந்திராத அவர்களுக்குத் தெரிந்த நீங்கள், அந்தத் தாள்களில் இருக்கும் நீங்கள் மட்டுமே. இழுப்பறையில் கிடக்கும் படிவங்களை அவர்கள் எப்படி அறிவார்கள்?

ஒரு முறை இரண்டு கோப்புகள் ஒரே கூட்டத்தில் வந்தன. ஒருவர் பல ஆண்டுகளாக எடுத்த வகுப்புகளின் பட்டியலை நாள், நேரம், அறை எண் உட்பட பதினேழு பக்கத்துக்கு இணைத்திருந்தார். மற்றவர் நடத்தியது ஒரே ஒரு பயிற்சிப் பாடம்தான். ஆனால் அதை வேறு இரண்டு கல்லூரிகள் எடுத்து நடத்துகின்றன என்பதற்கான கடிதங்கள் அதில் இருந்தன. இரண்டாவது கோப்பு பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. முதல் கோப்பின்மேல் நெடுநேரம் பேசினோம். அவர் உழைத்தார் என்பதில் எங்களில் ஒருவருக்கும் ஐயம் இல்லை, ஆனால் அந்த உழைப்பால் யாருக்கு என்ன மாறியது என்பதை அந்தப் பதினேழு பக்கங்களில் தேடியும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இன்னொன்று, வெளிமதிப்பீட்டாளர் கடிதங்கள். உங்களோடு சேர்ந்து எழுதாத, உங்களுக்குக் கற்பிக்காத, உங்கள் கல்லூரியில் இல்லாத ஐந்தாறு மூத்தவர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் பெயரையே கேள்விப்படாதவர், எவ்வளவு நல்ல மனம் கொண்டவராக இருந்தாலும், உங்கள் சிவியை (தகுதி, பணி விவரக் குறிப்பை) திருப்பி எழுதுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? துறைக்குழு "வெளியே" என்று சொன்னதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் சொல்லும் பாடம் நிச்சயமாகக் கணக்கில் வரக்கூடியது. அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். அதற்குமுன், உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து, எந்தப் பாதையில் நியமித்திருக்கிறார்கள், எத்தனை விழுக்காடு நேரம் எதற்கு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

தாமிரபரணி · மார்ச் 5

பார்த்தேன் சார். "கிளினிக்கல் எஜுகேட்டர்" பாதை (சிகிச்சையும் கற்பித்தலும் செய்வோருக்கானது), டென்யூர் கிடையாது. நோயாளிப் பராமரிப்புக்கு 80 விழுக்காடு, கற்பித்தலுக்கு 15, நிர்வாகப் பணிக்கு 5. ஆராய்ச்சிக்கு என்று ஒரு விழுக்காடும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு இப்போதுதான் முழுமையாகப் படிக்கிறேன். அந்த 15 விழுக்காடும் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே கற்பிப்பதில் கரைந்துவிடுகிறது. தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதற்கு அதில் இடமில்லை.

---

வைகை (நுரையீரல் மற்றும் தீவிர சிகிச்சை, அமெரிக்கா) · மார்ச் 5

டென்யூர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் நான் அந்தப் பாதையில் இருந்து வெளியே வந்தவன்.

இங்கே டென்யூர் என்பதற்கு அடிப்படை, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 1940ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கை. தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, அதன்பின் தகுந்த காரணமும் விசாரணையும் இல்லாமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். கலை, அறிவியல் துறைகளில் இதன் பொருள் தெளிவானது. மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைத் துறைகளிலோ, டென்யூர் பெற்றவருக்குக்கூட முழுச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் தருவது அரிது. சம்பளத்தின் பெரும்பகுதி நோயாளிகளைப் பார்த்து ஈட்டும் வருவாயில் இருந்து வருவதால், டென்யூர் காப்பது ஒரு சிறிய அடிப்படைத் தொகையையே என்று பல கல்லூரிகள் எழுதிவைத்திருக்கின்றன. சில கல்லூரிகள் பணத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

அதற்காக நீங்கள் கொடுக்க வேண்டிய விலையை எண்ணிப்பாருங்கள். ஆராய்ச்சி நேரம் ஒரு விழுக்காடுகூட இல்லாத நிலையில் அந்தப் பாதைக்கு மாறினால், கடிகாரம் ஓடத் தொடங்கும்; வெளி நிதியும் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட ஆய்வுகளும் கேட்பார்கள்; குறித்த ஆண்டுக்குள் தேறாவிட்டால் வெளியேற வேண்டும். டென்யூர் இல்லாத பாதையில் பெரும்பாலும் அந்தக் கெடு இல்லை. அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பசுமை அட்டைக்கு இபி-1பி வகையில், அதாவது சிறந்த பேராசிரியர் என்ற பிரிவில், கற்பிக்கும் பதவியைக் காட்டி விண்ணப்பிப்பவருக்கு டென்யூர் அல்லது டென்யூரை நோக்கிய பதவி வேண்டும் என்று விதி சொல்கிறது. அதனாலேயே சிலர் அந்தப் பாதையைக் கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் நிலை எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் ஐந்தாண்டு பணியாற்றுவோருக்கான தேசநல விலக்கு, தனிச்சிறப்புத் திறனுக்கான இபி-1ஏ என்று வேறு வழிகளும் இருக்கின்றன. குடியேற்றத்துக்காக ஒரு பாதையையும் தொழிலுக்காக இன்னொரு பாதையையும் குழப்பிக்கொள்ளாமல், வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

---

நொய்யல் (தொற்றுநோய் மருத்துவம், அமெரிக்கா) · மார்ச் 6

பாலாறு சார் சொன்னது நடைமுறையில் சரியாக இருக்கலாம். ஆனால் அதை நியாயம் என்று நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு மருத்துவம் கற்பித்த மனிதர் ஒருவர் இருந்தார். நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தபடியே, இதய வால்வில் தொற்று இருக்கலாம் என்பதற்கு அடையாளமாக நகக்கண்ணில் இருந்த ஒரு சிறு கோட்டைக் காட்டி, "இதய வால்வைக் கேட்டீர்களா?" என்று கேட்பார். அவரிடம் பயின்ற நூற்றுக்கணக்கானவர்கள் இன்றும் நகத்தைப் பார்க்காமல் காய்ச்சல் நோயாளியை விடுவதில்லை. அவர் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். அவருடைய கற்பித்தல் எந்த நிறுவனத்துக்கும் "வெளியே" போகவில்லையா? நாங்கள் பல மாநிலங்களிலும் அதைச் சுமந்துகொண்டு போகவில்லையா?

ஒரு மருத்துவர் கற்பித்ததைக் கட்டுரையாக மாற்றினால்தான் மதிப்பு என்றால், கற்பிக்கும் நேரத்தைக் குறைத்துக் கட்டுரை எழுதுகிறவரே உயர்வார். நோயாளியின் படுக்கையருகே நிற்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். வேலை நேரத்தில் 80 விழுக்காட்டை நோயாளிகளுக்கு ஒதுக்கிவிட்டு, ஒதுக்காத நேரத்தில் செய்யாத பணிக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்புவது, அந்தச் சகோதரியின் இரவுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கேட்பதற்குச் சமம். இதை அந்த அறைக்குள் யாராவது எழுந்து சொன்னார்களா என்று அறிய விரும்புகிறேன்.

---

கெடிலம் (மருத்துவக் கல்வி, அமெரிக்கா) · மார்ச் 7

நொய்யல் அண்ணனின் கோபம் புதிதல்ல. நூறாண்டுக்கும் மேலான வழக்கு அது. இந்த வரலாறு தெரிந்திருந்தால் குழுக்களின் மொழியும் புரியும் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இலும் மருத்துவப் பள்ளி 1893இலும் திறக்கப்பட்டன. மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து வார்டுக்கு அழைத்து வந்து நோயாளியிடமிருந்தே கற்கவைத்த பெருமை அங்கிருந்த வில்லியம் ஆஸ்லருக்கு உரியது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை வந்தது. ஆய்வகமும் ஆராய்ச்சியும் இல்லாத மருத்துவப் பள்ளிகளை அது கடுமையாகச் சாடியது. அதன் தொடர்ச்சியாக, சிகிச்சைத் துறைப் பேராசிரியர்களும் தனிப்பட்ட வருமானத்தை விட்டுவிட்டு, முழுநேரச் சம்பளத்தில் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் தங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற திட்டம் ஹாப்கின்ஸில் எழுந்தது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆஸ்லர், 1911இல் ஹாப்கின்ஸின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அதை எதிர்த்தார். நோயாளிகளோடும் வெளியுலக மருத்துவர்களோடும் பழக்கம் அறுந்து, ஆய்வகத்துக்குள் அடைந்துபோகும் ஆசிரியர்கள் உருவாகிவிடுவார்கள் என்பதே அவருடைய அச்சம். ஆயினும் 1913இல் ராக்ஃபெல்லரின் கல்வி வாரியம் அளித்த ஏறத்தாழ 15 லட்சம் டாலரோடு அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவப் பேராசிரியர் என்றால் ஆராய்ச்சியாளர் என்ற அளவுகோல் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

1965இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டம் வந்த பிறகு நிலைமை வேறு பக்கம் சாய்ந்தது. நோயாளிப் பராமரிப்பில் இருந்து வரும் வருவாய் மருத்துவக் கல்லூரிகளைத் தாங்கத் தொடங்கியது. அதற்காகப் பெருந்திரளான மருத்துவர்கள் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். வார்டை நடத்துவதும் மாணவர்களைப் பழக்குவதும் அவர்கள் கையில் விழுந்தன. ஆனால் அவர்களை அளந்த கோல் மட்டும் பழைய ஆராய்ச்சிக் கோலாகவே இருந்தது. இந்தப் பொருந்தாமையைச் சரிசெய்யவே 1970களிலும் 80களிலும் கல்லூரி கல்லூரியாக "கிளினீஷியன் எஜுகேட்டர்" பாதைகள் பிறந்தன.

பிறகு 1990இல் கார்னகி அறக்கட்டளையின் எர்னஸ்ட் பாயர் ஓர் அறிக்கை வெளியிட்டார். புதியதைக் கண்டுபிடிப்பது மட்டும் அறிவுப்பணி அல்ல. கண்டவற்றை ஒருங்கிணைப்பதும், பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதும், கற்பிப்பதும் அறிவுப்பணியே என்று அதில் வாதிட்டார். 1997இல் சார்லஸ் கிளாசிக்கும் உடன் எழுதியோரும், இந்த நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்க ஆறு கேள்விகளை வகுத்தார்கள். இலக்கு தெளிவா, ஆயத்தம் போதுமா, முறை பொருத்தமா, விளைவு பொருட்படுத்தத்தக்கதா, பிறருக்கு எட்டும்படி எடுத்துரைக்கப்பட்டதா, தன்னையே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொண்டதா என்பவை அவை. 2006இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கூட்டிய மாநாடு, ஒரு கல்வியாளரின் பணியை நேரடிக் கற்பித்தல், பாடத்திட்டம் அமைத்தல், வழிகாட்டல், கல்வித் தலைமை, மாணவர் மதிப்பீடு என்று ஐந்து துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு, எவ்வளவு தரம், பிற கல்வியாளர்களோடு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்று கேட்கச் சொன்னது. ஹார்வர்டு 2008இல் தன் விதிகளைத் திருத்தியபோது கற்பித்தலையும் கல்வித் தலைமையையும் தனியொரு சிறப்புத் துறையாக ஏற்றது.

ஆகவே, அண்ணன் கேட்கும் நியாயத்தில் பாதியாவது காகிதத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. மீதிப் பாதி, அதாவது அந்தப் பணிக்கான நேரத்தைக் கொடுப்பது, இன்னும் துறைத்தலைவர்களின் கையில்தான் இருக்கிறது.

---

பாலாறு · மார்ச் 8

நொய்யல் கேட்டதற்கு முதலில் பதில். ஆம், அந்த அறையில் அதை நானே சொல்லியிருக்கிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள விழுக்காட்டைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட வேண்டும் என்று வாதாடி, இரண்டாண்டுக்குப் பின் அது எங்கள் கல்லூரியில் வழக்கத்துக்கு வந்தது. 80 விழுக்காடு நோயாளிகளைப் பார்ப்பவரிடம், பாதி நேரம் ஆய்வகத்தில் இருப்பவரிடம் எதிர்பார்க்கும் எண்ணிக்கையை எதிர்பார்க்கக் கூடாது என்பதை உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்ட வேண்டியிருந்தது. தாமிரபரணியின் துறைத்தலைவர் எழுதும் கடிதத்திலும் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். கேட்டு எழுதவையுங்கள்.

உங்கள் ஆசிரியரைப் போன்றவரின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எதைப் பார்க்கச் சொன்னார், எந்த ஒழுங்கில் சொன்னார், ஏன் அது உங்கள் மனத்தில் தங்கியது என்பதை யாரும் எழுதிவைக்காததால், அவரைக் காணாத ஊரில் உள்ள மாணவனுக்கு அவர் இல்லாமலே போய்விட்டார். எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் துரோகமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்தப் பாடத்துக்கு வருகிறேன். கெடிலம் சொன்ன ஆறு கேள்விகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். "இன்டர்ன்கள் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "ஆறாவது அமர்வின் முடிவில், இன்டர்ன் மொழிபெயர்ப்பாளரோடு முன்கூட்டியே இரண்டு நிமிடம் பேசுவார், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவார், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவார், சொன்னதை நோயாளி தம் சொல்லில் திருப்பிச் சொல்லும்படி கேட்பார்" என்பதே இலக்கு, ஏனெனில் இவற்றை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் குறிக்க முடியும். ரெசிடென்சிப் பயிற்சிக்கான அங்கீகார அமைப்பு வகுத்த ஆறு அடிப்படைத் திறன்களில் உரையாடல் திறனும் ஒன்று என்பதால், பாடத்தை அதோடு இணைத்துக் காட்டினால் உங்கள் ரெசிடென்சி இயக்குநருக்கும் அது தேவைப்படும் பொருளாகிவிடும். அப்போது நேரம் கேட்பதற்கு ஒரு துணை கிடைக்கும்.

அடுத்து விளைவு. இழுப்பறையில் உள்ள படிவங்கள், "வகுப்பு பிடித்திருந்ததா" என்பதற்கான விடைகள் என்று நினைக்கிறேன். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் அது முதல் படி. கற்றார்களா என்பது இரண்டாவது, வேலையில் நடந்துகொள்வது மாறியதா என்பது மூன்றாவது, அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது நான்காவது. நீங்கள் நான்காவதுவரை ஏற வேண்டியதில்லை. நடிக்கும் நோயாளி ஒருவரையும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வைத்து, பாடத்துக்கு முன்னும் பின்னும் இன்டர்ன்களைப் பேசவைத்து, ஒரு சரிபார்ப்புப் படிவத்தால் அளந்தாலே இரண்டாவது படி உறுதியாகிவிடும். மொழிபெயர்ப்புச் சேவைக்கு வந்த அழைப்புகள் அந்த வார்டில் கூடியிருக்கின்றனவா என்று மருத்துவமனையின் பதிவேட்டில் பார்த்தால் மூன்றாவது படியைத் தொட்டுவிடுவீர்கள். இது ஒரு மாலை நேர வேலை.

ஆனால் எதையும் தொடங்குமுன் ஆய்வு நெறிக் குழுவிடம் விண்ணப்பியுங்கள். வழக்கமான கற்பித்தல் முறைகளை ஆராயும் கல்வி ஆய்வுகள் பொதுவாக முழுப் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறும் வகையைச் சேர்ந்தவை. ஆனாலும் விலக்கு என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள், நாம் அல்ல. பழைய படிவங்களைப் பயன்படுத்தலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஓடியதால் நல்ல பாடங்கள் பல எங்குமே வெளியிட முடியாமல் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு வெளியீடு. மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2005இல் தொடங்கிய மெட்எட்போர்ட்டல் என்ற இணைய இதழ் இதற்காகவே இருக்கிறது. ஆசிரியர் கையேடு, நோயாளிக் கதைகள், மதிப்பீட்டுப் படிவம் எல்லாவற்றையும் வேறொருவர் அப்படியே எடுத்து நடத்தும்படி அனுப்ப வேண்டும். பாடத்தை ஏற்கெனவே நடத்தியிருக்கவும் வேண்டும். சக நிபுணர்களின் பரிசீலனை உண்டு. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் ஏற்கெனவே செய்துமுடித்த வேலையில் முக்கால் பங்கு அங்கே பொருந்தும் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது.

அதோடு, பொது மருத்துவச் சங்கத்தின் வட்டார மாநாட்டில் இதையே ஒரு பயிலரங்கமாக நடத்துங்கள். அங்கே வந்து உட்காரும் நாற்பது பேரில் இரண்டு பேராவது "எங்கள் ஊரில் நடத்த முடியுமா" என்று கேட்பார்கள். அவர்கள் கற்பிக்கும் இடத்தில் இருக்கும் ஒரு மூத்த பேராசிரியர்தான், இரண்டாண்டு கழித்து உங்கள் கடிதத்தை எழுதப்போகிறவர்.

---

சிறுவாணி (மகப்பேறு மருத்துவம், அமெரிக்கா) · மார்ச் 9

பெண் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன், தாமிரபரணி அக்கா. மாணவர்கள் தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்பிக் கோப்பைக் கட்டாதீர்கள். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே இணையவழிப் பாடத்தை நடத்திய ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சில பிரிவுகளில் ஒருவர் பெயரை மற்றவர் போட்டுக்கொண்டு கற்பித்தார்கள். கற்பித்தவர் உண்மையில் யாராக இருந்தாலும், ஆண் பெயரில் வந்தவருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். நமக்கோ உச்சரிப்பும் சேர்ந்துகொள்கிறது. என் பழைய மதிப்பீடு ஒன்றில், கற்பித்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் "இன்னும் சிரித்த முகத்தோடு இருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். அதைக் கோப்பில் இணைக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

அதற்கு மாற்றாக, சக ஆசிரியர் ஒருவரை ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் ரவுண்ட்ஸுக்கு அழைத்து, பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். கற்பிப்போரைப் பார்வையிடவும் நேர ஆதரவு தரவும் கல்வியாளர் கழகங்கள் பல கல்லூரிகளில் இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2000இலேயே அத்தகைய ஒன்றைத் தொடங்கியது. உங்கள் கல்லூரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அழைக்கும் குழுக்களுக்கெல்லாம் தலையாட்டுவதையும் நிறுத்துங்கள். என் சிவியில் பதினொரு குழுக்கள் இருந்தன. ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

---

வெண்ணாறு (அறுவை சிகிச்சை, தமிழ்நாடு) · மார்ச் 10

நம் ஊர் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியராக நான்கு ஆண்டும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தால் இணைப் பேராசிரியராகலாம் என்று இருந்தது. மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சியும் ஆராய்ச்சி முறைகளுக்கான அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டியிருந்தது. கற்பித்தல் எப்படி இருந்தது என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கோவை பி.எஸ்.ஜி.யில், மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபெய்மர் ஃபெலோஷிப்பில் சேர்ந்து, மாணவர்களின் தேர்வு முறையைப் பற்றி ஒரு திட்டத்தைச் செய்து முடித்தேன். அது என் மாணவர்களுக்கு உதவியது. என் பதவிக்கு உதவியது, அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகளைத் தொகுத்து எழுதிய இரண்டு ஆய்வுகள்தான். நீங்கள் வருந்தும் அந்தக் குழு, குறைந்தது கற்பித்தலைப் படித்துப் பார்த்து ஒரு கருத்தையாவது எழுதியிருக்கிறது.

---

தாமிரபரணி · ஆகஸ்ட் 19

ஐந்து மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அன்று பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

நெறிக் குழு, பாடத்தை விலக்கு வகையில் சேர்த்துவிட்டது. பழைய படிவங்களையும் பெயர்களை நீக்கிப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் தந்தார்கள். துறைத்தலைவரிடம் நியமனக் கடிதத்தோடு போய் உட்கார்ந்தேன். கேட்டது இரண்டு அரை நாள். கிடைத்தது மாதத்துக்கு ஒரு முழு நாள். அந்த நாளில் நோயாளிப் பொறுப்பு இல்லை. முதல் மாதம் அந்த நாள் முழுவதும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவதிலேயே போயிற்று. ஆனால் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இதைச் செய்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

ஜூலையில் வந்த புதிய இன்டர்ன்களை முதல் அமர்வுக்கு முன்பே நடிக்கும் நோயாளியோடு பேசவைத்து அளந்துவிட்டோம். முப்பத்திரண்டு பேரில், மொழிபெயர்ப்பாளரோடு முன்கூட்டியே பேசியவர்கள் மூன்று பேர். அமர்வுகள் முடிந்தபின் மீண்டும் அளப்போம். வட்டார மாநாட்டுக்குப் பயிலரங்க விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அண்டை மாநிலத்தில் பணிபுரியும் பழைய ரெசிடென்ட் ஒருவர், தம் மருத்துவமனையில் இதே பாடத்தை நடத்த அனுமதி வாங்கியிருக்கிறார்.

நொய்யல் சார், நீங்கள் சொன்னது மனத்தில் இருந்ததால், ஆசிரியர் கையேட்டின் முதல் கதையை அந்த மூதாட்டியின் அறையிலேயே வைத்து எழுதியிருக்கிறேன். அடையாளங்களை எல்லாம் மாற்றிவிட்டேன். மகன் சொல்லும் வரிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், விட்டுப்போன சொல்லைத் தமிழ் தெரியாத ஓர் ஆசிரியரும் கண்டுபிடித்து இன்டர்ன்களிடம் காட்ட வேண்டும் என்பதற்காக. வரைவை இந்த வாரம் முடிக்கிறேன். உங்களில் இருவர் படித்துத் திருத்தித் தர முடியுமானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள் கிடைத்தால் போதும்.

---

நொய்யல் · ஆகஸ்ட் 19

எனக்கு அனுப்புங்கள் அம்மா. இந்த ஞாயிறே படித்துவிடுகிறேன்.